மூக்கு நுனியில் ஓர் ஈ

கால்கள்தான், சந்தேகமே இல்லை, பூஞ்சைக்கு எந்த ஊரில் கால் முளைக்கிறது, இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் இரண்டு, மிச்சமுள்ள ஒன்று அந்த மனிதரின் மூக்கு நிழலில் மறைந்திருக்க வேண்டும், இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினால் இறக்கைகூடத் தெரிகிறது, மெல்லிசாக, வெங்காயத் தோல் மாதிரி... ஐயோ, இது ஈ. நெகட்டிவில் ஒட்டிய தூசி இல்லை, பூஞ்சை இல்லை, கீறல் இல்லை, கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது நிஜமாகவே பறந்து வந்து, கட்டிலில் கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் கதாநாயகனின் மூக்கு நுனியில் சாவகாசமாக உட்கார்ந்த அசல் ஈ. இதைத்தான் நான் பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் துடைத்துப் புதுப்பிக்கும் இந்த வேலை தொடங்கிய புதிதில், என் கையால், பேனாவால் தொட்டுத் தொட்டு, ஒரு ஃபிரேம் விடாமல் அழித்து, அழித்த இடத்தில் கறை படாத ஃபிரேமிலிருந்து மூக்கை எடுத்து ஒட்டி, பிறகு நாற்காலியில் சாய்ந்து என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு காபி குடித்தேன். இப்போது திரையின் இடது பாதியில் பழைய மூக்கு, வலது பாதியில் புது மூக்கு. டிஸ்க்கில் கூடுதலாகச் சேர்ப்பதற்கு, முன்பு எப்படிக் கிடந்தது பாருங்கள், நாங்கள் எப்படி ஆக்கியிருக்கிறோம் பாருங்கள் என்று பீற்றிக்கொள்ள ஒரு துண்டு தயார் செய்துகொண்டிருக்கிறேன், பார்த்தால் இடது பக்கத்து அழுக்கு நடக்கிறது. அழுக்கு நடக்குமா? நடந்து போய் நின்று முன்னங்கால்களைத் தேய்த்துக்கொள்ளுமா? தனியாக, இருட்டு அறையில், வாய்விட்டுச் சிரித்தேன், சிரித்த மறு நொடியே நிமிர்ந்து உட்கார்ந்தேன், ஏனென்றால் அந்தக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்ணும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சிரிப்பு. அதைத் தெரியாதவர்கள் யார் இருக்கிறார்கள், கணவன் சாகக் கிடக்கிறான், மனைவி அவன் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள், 'ஜன்னலைச் சாத்திடு' என்கிறான், வசனம் அவ்வளவுதான், அவள் சிரிக்கிறாள், பல் தெரியாத, ஆனால் நெற்றி வரைக்கும் ஏறிப் பரவுகிற சிரிப்பு, அடுத்த ஷாட்டில் அவன் போய்விடுகிறான். படம் வந்தபோது அந்த இடத்தில் தியேட்டரே அதிர விசில் அடித்தார்களாம், புருஷன் செத்தால் அம்மணிக்குக் கொண்டாட்டமா என்று பத்திரிகையில் கிழித்தார்களாம், மேடையில் குரல் மாற்றிப் பேசுகிறவர்கள் எல்லாருக்கும் அந்தச் சிரிப்பு கைவசம் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் அது ஒரு பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது, பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு நான் இளித்துக்கொண்டு நின்றால் அம்மா சொல்வாள், 'ஜன்னல் சாத்துறவ மாதிரி சிரிக்காதேடி', இப்போது என் மகளுக்கும் அது தொற்றிக்கொண்டது, படத்தை ஒரு நிமிடம்கூடப் பார்க்காமலே. பாவம் அந்த நடிகைக்கு அப்புறம் கதாநாயகி வேடமே வரவில்லை, முகத்தைப் பார்த்தாலே ஜனங்கள் சிரிக்கிறார்கள் என்று கைகழுவிவிட்டார்கள், அவர் என்ன செய்தார், மூலையில் உட்கார்ந்து அழுதாரா, ஊஹூம், டப்பிங் அறைக்குள் போனார், தன்னைவிட இளையவர்கள், அழகானவர்கள், வசனமே வராதவர்கள் எல்லாருக்கும் குரல் கொடுத்தார், முகத்தைப் பார்த்துச் சிரித்த அதே ஜனங்கள் அந்தக் குரலைக் கேட்டுக் கைக்குட்டை நனைய அழுதார்கள், யார் குரல் என்று தெரியாமலே, நானும்தான் அழுதேன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி வரும், நன்றாக வேண்டும் எல்லாருக்கும் என்று.

இதோ காரணம் கிடைத்துவிட்டது, ஆறு காலோடு. சாகிற வேடத்தில் இருக்கிறவர் மூக்கில் ஈ உட்கார்ந்தால் எதிரே இருக்கிறவர் என்ன செய்வார், எந்த மகராசியாக இருந்தாலும் சிரிப்பு முட்டிக்கொண்டுதான் வரும், வாயை இறுக்கி மூடி அந்த அளவோடு நிறுத்தியதே பெரிய காரியம். யாருக்கும் தெரியாமல் போனது ஏன்? தியேட்டருக்குப் போன பிரதிகள் பிரதியின் பிரதி, இருட்டு, அந்த மூக்கே கரி பூசின மாதிரி இருக்கும், அதன் மேல் கறுப்பாக ஒரு புள்ளி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, வீடியோ கேசட்டில் கேட்கவே வேண்டாம், அதில் மூக்கு எங்கே முடிகிறது தலையணை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. இப்போதுதான் அசல் நெகட்டிவைக் கண்டுபிடித்து, கழுவி, ஸ்கேன் செய்து, அந்தக் காலத்தில் அந்த அறையில் நின்றவர்கள் பார்த்ததைவிடத் துல்லியமாகப் பார்க்கிறோம், பார்க்கிற முதல் ஆள் நான், பார்த்தவுடன் நான் செய்தது அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே சாட்சியை அடித்துக் கொன்றது. நல்லவேளை, எங்கள் தொழிலில் செத்தவை எதுவும் முழுக்கச் சாவதில்லை, துடைப்பதற்கு முந்தைய கோப்பு அப்படியே பத்திரமாகக் கிடக்கிறது.

எப்படிக் கொன்றேன் என்றால் எங்கள் வேலையே அப்படி, ஒரு ஃபிரேமில் மட்டும் இருந்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றில் இல்லாமல் போவது எதுவோ அது அழுக்கு, இதுதான் எங்கள் சாஃப்ட்வேருக்குத் தெரிந்த ஒரே வேதம், மழை பெய்தால் மழையைத் துடைக்கும், அடுப்பிலிருந்து பொறி பறந்தால் பொறியைத் துடைக்கும், பின்னாலேயே நான் ஒருத்தி உட்கார்ந்து அது துடைத்த நல்லதைத் திருப்பி வைத்து, அது விட்டுவைத்த கெட்டதைத் துடைக்க வேண்டும், இதற்குப் பெயர் நவீன தொழில்நுட்பம், என் மாமியாரும் நானும் சமையலறையில் செய்வதும் இதேதான். பறந்து வந்த ஈயை சாஃப்ட்வேர் எடுத்துவிட்டது, உட்கார்ந்த ஈயை நான் எடுத்தேன், கூட்டுக் கொலை. அந்தச் சுருள் முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை வேறு, அதில் இதுவும் ஒன்று என்று நினைத்ததில் என்ன தப்பு? கதை என்னவென்று யார் பார்க்கிறார்கள், நாங்கள் படத்தைக் கதை வரிசையில் தொடுவதே கிடையாது, எந்தச் சுருள் அதிகம் கெட்டிருக்கிறதோ அது முதலில், ஆஸ்பத்திரியில் மோசமான கேஸை முதலில் எடுப்பதைப் போல, ஆகவே இந்தப் புண்ணியவானை முதலில் சாகவைத்து, பிறகு நோயில் படுக்கவைத்து, எல்லாம் முடிந்த பிறகு சாவகாசமாகக் கல்யாணம் செய்துவைத்தேன். போகட்டும், இப்போது அழுது என்ன பயன், கோப்பு நாளைக் காலை டிஸ்க் அச்சடிக்கிற இடத்துக்குப் போகிறது, அந்த அம்மா இன்றைக்குச் சாயங்காலக் காபி நேரத்துக்கு இங்கே வருகிறார்.

வரவே மாட்டேன் என்றவர். எத்தனை பேர் கூப்பிட்டும் மறுத்துவிட்டாராம், கடைசியில் நான் போனில் கெஞ்சினேன், 'நான் வந்து என்னம்மா பண்ணப்போறேன், எல்லாரும் அந்தச் சிரிப்பைப் பத்தித்தானே பேசுவீங்க' என்றார், அந்தக் குரலில், ஆயிரம் முகங்களுக்குச் சொந்தமான அந்தக் குரலில், சிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று என் பிள்ளைமேல் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லித்தான் சம்மதிக்கவைத்தேன். பேசமாட்டேன், பேசவே வேண்டாம், போட்டுக் காட்டினால் போதும், ஈ பேசிக்கொள்ளும். கதவைத் திறந்து அடுத்த அறைக்குக் கத்தினேன், 'சாம்பல், ஓடி வா!' சாம்பல் எங்கள் நிறம் பார்க்கிற தம்பி, கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே எத்தனை சாம்பல் என்று நாள் முழுக்கச் சண்டை போடுவதால் நான் வைத்த பெயர், அவன் வீட்டுக்காரிகூட இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாளாம். வந்து குனிந்து பார்த்தான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். 'அக்கா, இது ஈ.' 'ஈதான்.' 'நீங்கதானே துடைச்சீங்க?' 'ஆமாண்டா, பத்திரிகையில போடு.' 'அப்போ அந்தச் சிரிப்பு...' என்று இழுத்தான், நான் தலையாட்டினேன், ரெண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம், அப்புறம் அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான், 'வாங்கக்கா, உயிர் கொடுத்துடுவோம்' என்று.

இப்படி ஒரு வேலையை நான் வாழ்க்கையில் செய்ததில்லை. அழிப்பதுதான் என் பிழைப்பு, இன்றைக்கு முதல் முறையாக ஓர் உயிரைத் திரும்பக் கொண்டுவருகிறேன், பழைய கோப்பிலிருந்து அந்த மூக்கையும் ஈ பறந்து வந்த வழியையும் மட்டும் ஜன்னல் வெட்டுகிற மாதிரி வெட்டி, சுற்றியிருக்கிற பூஞ்சையைத் துடைத்து, ஈயைத் துடைக்காமல், ஒரு காலைக்கூடத் துடைக்காமல், இறக்கையின் ஓரத்தில் ஒரு நிஜத் தூசி இருந்தது, அதை எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன், ஈக்கு வலிக்குமோ என்பது போல. கிட்டப் பார்த்தால் எவ்வளவு சுறுசுறுப்பு, எவ்வளவு திமிர், உலகத்துக்கே பெரிய நட்சத்திரமாக இருந்த ஒருவரின் மூக்கில் நின்றுகொண்டு முகம் கழுவிக்கொள்கிறது, கட் சொன்னால் என்ன, ஆக்‌ஷன் சொன்னால் என்ன. ஒவ்வொரு ஃபிரேமாக அது திரும்பி வரவர எனக்குக் காலை ஆட்டிக்கொண்டு பாடத் தோன்றியது, பாடவும் பாடினேன் போலிருக்கிறது, சாம்பல் காதைப் பொத்திக்கொண்டான். நடுவில் பொறுக்காமல் அம்மாவுக்கு போன் போட்டேன். 'அம்மா, ஈம்மா!' 'ஈ மொய்க்கிற மாதிரி சாப்பாட்டை ஏண்டி திறந்து வைக்கிறே?' 'சாப்பாட்டுல இல்லம்மா, படத்துல. ஜன்னல் சாத்துறவ சிரிப்பு இருக்கே, அது ஈயைப் பார்த்துச் சிரிச்சதும்மா, அந்த ஆள் மூக்குல ஈ உக்காந்திருக்கு.' அம்மா மெதுவாக, 'அடக் கடவுளே, அப்போ இத்தனை வருஷமா நாம அந்தப் பொம்பளையைச் சொன்னதெல்லாம்?' 'எல்லாம் வீண்.' 'அவங்க வந்தா நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லு... வேண்டாம், சொல்லாதே. என்னன்னு சொல்லுவே.' பாருங்கள், நான் இன்னும் நடிகையிடம் காட்டவேயில்லை, அதற்குள் ஒருத்தி திருந்திவிட்டாள், டிஸ்க் வெளியே வந்தால் ஊரே திருந்தும், எழுதினவர்கள், விசில் அடித்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், எல்லாரும் வீட்டில் சோபாவில் உட்கார்ந்து பெரிய டீவியில் அந்த மூக்கைப் பார்த்து, அட, ஈ என்று சொல்லப் போகிறார்கள், அதைச் சொல்லவைத்தவள் நான்.

முதலில் வந்தது குரல்தான். மாடிப்படியிலிருந்து, 'இதுவாவது சினிமா ஆபீஸா, இல்லை இதுலயும் வாயைத் திறக்கச் சொல்லுவீங்களா?' என்று, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, எத்தனை கதாநாயகிகள் அந்தப் படிகளில் ஒரே நேரத்தில் ஏறி வருகிறார்கள், ஆனால் வந்து நின்றது சிறு உருவம், வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, காலில் ஓடுகிறவர்கள் போடுகிற பெரிய ஷூ, கையில் ஒரு துணிப்பை. கீழே பல் டாக்டர் கிளினிக், அங்கேதான் தப்பாக நுழைந்துவிட்டார், உட்காரச் சொன்னார்களாம், உட்கார்ந்தாராம், கூப்பிட்டார்களாம், போனாராம். 'வாயைத் திறங்கன்னாரு, திறந்தேன். எல்லாம் நல்லா இருக்குன்னாரு. எனக்கும் ரொம்ப நாளாப் பாக்கணும்னு இருந்துச்சு, செலவில்லாம முடிஞ்சுது.' இதைச் சொல்லிவிட்டு முதலில் சிரித்தவரும் அவர்தான், நான் அந்தச் சிரிப்பை வெறித்துப் பார்க்கக் கூடாது என்று கண்ணைத் திருப்பி, சாம்பலைப் பார்த்து, சாம்பல் சுவரைப் பார்த்து, இரண்டு பேரும் இப்படி அசடு வழிவதைப் பார்த்து அந்த அம்மாவுக்கு இன்னும் சிரிப்பு வந்தது. நல்ல நாற்காலியைத் திரைக்கு நேராகப் போட்டேன், காபி கொடுத்தேன், நாம் முழுப் படத்தையும் பிறகு பார்க்கலாம், முதலில் ஒரு துண்டு மட்டும் போடுகிறேன் என்றேன், எந்தத் துண்டு என்று கேட்கவில்லை, ஆனால் காபியை மேசையில் வைத்துவிட்டார்.

ஓடுகிறது. அறை, கட்டில், தலையணையில் அவர், அந்தப் பக்கம் இந்த அம்மா, என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார் அப்போது, கழுத்தில் நரம்பு துடிப்பதுகூடத் தெரிகிறது, 'ஜன்னலைச் சாத்திடு', சிரிப்பு, ஈ வந்து உட்கார்கிறது, நடக்கிறது, முகம் கழுவுகிறது, முடிந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, இருட்டில் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது சொல்வார், இப்போது கையைத் தட்டுவார், இத்தனை வருடக் கடன் இப்போது தீரும்... 'எவ்வளவு பளிச்சுன்னு இருக்கும்மா' என்றார். 'என் தோடு பாரு, திருகு கழண்டு தொங்குது. அன்னிக்கு அத்தனை பேர் சுத்தி நின்னாங்க, ஒருத்தர் சொல்லலை.' எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தோடா? மறுபடி ஓட்டினேன். இந்த முறை அந்தப் புடவையின் கரை எவ்வளவு அழகு என்றார். பொறுமை போய், 'மூக்கைப் பாருங்கம்மா' என்றேன், 'யார் மூக்கை?' என்றார், ஓடுவதை நிறுத்தி, பெரிதாக்கி, திரை முழுக்க மூக்கும் மூக்கு முழுக்க ஈயுமாகக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார். 'ஈ!' அப்புறம் சிரித்தார் பாருங்கள், நாற்காலி ஆட, கண்ணில் தண்ணீர் வர, மூச்சுத் திணற, கீழே பல் பிடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும், 'பாவி மனுஷன், அசையவே இல்லையே! நெத்தியில ஒரு சுருக்கம் விழலையே! மரக்கட்டை மரக்கட்டைன்னு எழுதினாங்களே இவரை, மூக்குல ஈ உக்காந்தும் செத்துக்கிட்டே இருக்காரு பாரு!' என்று திரையைப் பார்த்துக் கும்பிடு போடாத குறை, 'கடைசி வரைக்கும் சொல்லலையே, எத்தனை தடவை பாத்திருப்பேன் இந்த மனுஷனை, ஒரு வார்த்தை சொல்லலையே' என்று அவர் பக்கத்து நாற்காலியில் இருப்பது போலவே செல்லமாகக் கோபித்துக்கொண்டார், சாம்பலும் சிரித்தான், நானும் சிரித்தேன், ஆனால் சிரிக்கும்போதே எனக்குள் ஏதோ ஒன்று சரியில்லை, கடைசி வரைக்கும் சொல்லவில்லை என்றால்... 'நீங்க அப்பவே பாத்தீங்கதானேம்மா?' 'எதை?' 'ஈயை.' 'இல்லையே. எனக்கு அவர் கண்ணுதானே தெரிஞ்சுது. இப்போ நீ காட்டித்தான் பாக்கறேன்.' அப்படியானால் ஏன், என்று என் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது, போனில் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்து விழுங்கினேன், விழுங்கியது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். 'கேளும்மா, பரவாயில்லை. கிண்டல் பண்ணாங்க, திட்டினாங்க, என்னை மாதிரியே சிரிச்சுக் காட்டினாங்க, ஏன் சிரிச்சேன்னு ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. நீயாவது கேளு.' கேட்டேன்.

'அந்தப் புருஷனுக்குக் காத்து வேணும், பொண்டாட்டிக்குக் குளிர் ஆகாது' என்று ஆரம்பித்தார், பக்கத்து வீட்டுக் கதை சொல்வது போல, 'கல்யாணமாகி வந்த அன்னிக்கே அந்த ஜன்னலுக்குத்தான் முதல் சண்டை. அவன் திறப்பான், இவ சாத்துவா, அவன் திறப்பான், இவ சாத்துவா. சாகப்போற நேரத்துல அவனே சாத்திடுங்கறான். அவனுக்குக் குளிரலைம்மா. இவளுக்குக் குளிருமேன்னு சொல்றான். ஆயுசுல ஒரு தடவை விட்டுக்கொடுத்துட்டான். அதைக் கேட்டா பொண்டாட்டிக்கு என்ன வரும்? சிரிப்புதான் வரும். அழுகை அப்புறம் வரும், அதுக்கென்ன அவசரம், அதுக்குத்தான் மிச்ச வாழ்க்கை பூராவும் இருக்கே.' டைரக்டர் சொல்லிக்கொடுத்தாரா என்று சாம்பல் கேட்டான். 'அவர் அழத்தான் சொன்னார், கண்ணுல விடற மருந்தெல்லாம் தயாரா இருந்துச்சு. அந்த வசனத்தைக் கேட்டதும் எனக்கு இதுதான் வந்துச்சு. கட் சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார், இன்னொரு டேக் கேக்கலை. எனக்கு அன்னிக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வீட்டுக்குப் போற வழியெல்லாம் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை அதுக்கப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியலை' என்று சொல்லிவிட்டு ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார்.

அந்த ஜன்னலை எனக்குத் தெரியும். தெரியாமல் என்ன, அதன் மரச்சட்டத்தின் குறுக்கே ஒரு நீளக் கீறல், அதை எடுக்க நான் பட்ட பாடு, அவர் திறக்கிற ஷாட், இவர் சாத்துகிற ஷாட், மறுபடி அவர் திறக்கிற ஷாட், ஒவ்வொன்றிலும் கீறல், ஒவ்வொன்றிலும் எடுத்தேன், கண்ணாடியில் இருந்த கைரேகையைக்கூட விட்டுவைத்தேன், அது அசல் என்று, ஆனால் ஏன் திறக்கிறார்கள், ஏன் சாத்துகிறார்கள்? அது முதல் சுருள், ஜனங்கள் நாற்காலி தேடி உட்கார்ந்துகொண்டிருந்த நேரம், டீவியில் விளம்பரத்துக்காக வெட்டிய நேரம், எனக்கோ அது நல்ல நிலையில் இருந்த சுருள், ஆகவே கடைசியாக வந்தது, மனைவி சிரித்து மாதக்கணக்கான பிறகு. கை தானாக மவுஸுக்குப் போயிற்று, ஒவ்வொரு ஃபிரேமாகப் பின்னோக்கி நகர்த்தினேன், ஈ முகம் கழுவுகிறது, ஈ நடக்கிறது, ஈ இறங்குகிறது, ஈ தலையணைக்கு மேலே ஒரு கோடாக, ஈ இல்லை. ஈ இல்லாத ஃபிரேமில் அந்த அம்மா சிரித்துக்கொண்டிருக்கிறார். இன்னும் பின்னால் போனேன், இன்னும் சிரிப்பு, உதட்டுக்கு வருவதற்கு முன் கண்ணில், கண்ணுக்கும் முன்னால் அந்தக் கழுத்து நரம்பில், ஈ அப்போது அந்த அறைக்குள்ளேயே வந்திருக்காது. என் மேசையிலேயே இருந்த ஃபிரேம்கள். நானே துடைத்துக் கொடுத்த முகம்.

'சரி, ஈயை என்ன பண்ணப்போறே?' என்றார். அதுதானே, என்ன செய்வது, அழித்தால் நெகட்டிவுக்குத் துரோகம், வைத்தால் நாளைக்கு ஊரே அட, ஈயைப் பார்த்துச் சிரித்திருக்கிறார் என்று சொல்லி மன்னித்துவிடும், மன்னிக்க இவர் என்ன தப்பு செய்தார், இப்படியெல்லாம் உளறிவிட்டு, நீங்க சொல்லுங்கம்மா, அந்த ஜன்னல் விஷயத்தை அப்படியே பேசுங்க, டிஸ்க்கில் சேர்த்துவிடுகிறேன், கேமரா எல்லாம் தயாராக இருக்கிறது என்று கெஞ்சினேன். 'போம்மா, சிரிச்சதுக்குப் பக்கத்துல உக்காந்து விளக்கம் சொல்லச் சொல்றியா? தோடு கழண்ட கதை வேணா சொல்றேன். ஈ இருந்துட்டுப் போகட்டும். அந்த மரக்கட்டை மனுஷனுக்காவது நல்ல பேர் கிடைக்கட்டும். என்னை இத்தனை நாள் பைத்தியம்னாங்க, இனிமே ஈயைப் பாத்துச் சிரிச்சவள்னுவாங்க, பதவி உயர்வுதானே?' என்று மறுபடி அந்தக் குலுக்கல் சிரிப்பு, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஷூவைக் கழற்றி, காலை நாற்காலியில் மடித்துப் போட்டுக்கொண்டார். 'முதல்லேருந்து போடு. யாரும் நடுவுல எழுந்து போகக் கூடாது.'

போட்டேன். சாம்பல் விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். படம் முதலிலிருந்து ஓடுகிறது, எனக்கு ஒவ்வொரு கீறலும் மனப்பாடம், ஒவ்வொரு பூஞ்சையும் கூப்பிட்டால் பேர் சொல்லும், ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்று ஆவலாக இருக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது, புதுப்படத்துக்கு வந்தவள் மாதிரி, அதோ அவர் ஜன்னலைத் திறக்கிறார், காற்றில் திரைச்சீலை பறக்கிறது, பக்கத்தில் அந்த அம்மா 'இப்போ பாரு, நான் எப்படி முறைக்கிறேன்னு' என்று முழங்கையால் என்னை இடிக்கிறார், முறைக்கிறார்தான், அட, என்ன முறைப்பு, என்ன நடிப்பு. இதைப் பார்த்திருந்தால் எனக்கு அந்தச் சிரிப்பு புரிந்திருக்கும். புரிந்திருக்குமா? மத்தியானம் அந்தப் புள்ளிக்குக் கால் இருக்கிறது என்று தெரிந்ததும் அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேனே, அம்மாவுக்கு போன் போட்டேனே, பாடினேனே. இந்த அம்மாவை நான் ஒரு நாளும் கிண்டல் செய்ததில்லை, குரலுக்கு அழுதிருக்கிறேன், முகத்துக்காக ஊரோடு சண்டை போடத் தயாராக இருந்தேன், அப்படிப்பட்ட எனக்கு அந்த ஈ ஏன் அவ்வளவு தேவைப்பட்டது?